பிளாக் லிக்கர் ஒப்பீடு: ஓர் இடம் மட்டும் ஆறு மடங்கு உயரமாக வருகிறது, எங்கே தப்பு?

எண்மூட்டை:
காகித ஆலைகளில் மரச்சில்லைக் கூழாக வேகவைத்த பிறகு மிஞ்சும் பிளாக் லிக்கர் என்ற கரிய திரவத்தை எரித்து எந்த வட்டாரம் எவ்வளவு ஆற்றல் எடுக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பின்லாந்து, சுவீடன் கணக்கு டெராஜூலில் (ஆயிரம் கிகாஜூல்). அமெரிக்காவின் நான்கு பகுதிகள் டிரில்லியன் பிடியூவில் (அங்கே புழங்கும் வெப்ப அலகு). இன்னோர் இடத்துக்கு ஆலை அறிக்கைகள்தான் கிடைத்தன, அவை டன்னில். டன்னை மட்டும் 13 கிகாஜூலால் பெருக்கி, எல்லாவற்றையும் ரசாயனக் கூழின் (ரசாயனத்தில் வேகவைத்து எடுத்த கூழ்) டன்னால் வகுத்தேன். மற்றவை 20 கிகாஜூலை ஒட்டி வர, அது மட்டும் 130இல் நிற்கிறது. சூத்திரத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ஆலைத்தும்பி:
சூத்திரம் சரி, டன்தான் தப்பு. கூழைக் கழுவி வெளியே வரும்போது பிளாக் லிக்கர் பெரும்பாலும் தண்ணீர். திடப்பொருள் 15 சதவீதம் சொச்சம். ஆவியாக்கிகளில் வற்றவைத்து 65 முதல் 80 சதவீதம் வரை ஏற்றிய பிறகே அதை எரித்து ரசாயனத்தைத் திரும்ப எடுக்கும் மீட்புக் கொதிகலனுக்குள் தெளிப்பார்கள். அப்போது தார் மாதிரி இருக்கும், ஆறவிட்டால் குழாயே அடைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் 13 கிகாஜூல் உலர் திடப்பொருளின் ஒரு டன்னுக்கு. தண்ணீரையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறீர்கள்.

ஒரு டன் கூழுக்கு ஏறக்குறைய இரண்டு டன் உலர்ந்த மரம் வேண்டும். மரத்தில் டன்னுக்கு 20 கிகாஜூல் வாக்கில் இருக்கும். ஆக உள்ளே போவதே 40 சொச்சம், அதிலும் பாதி கூழோடு போய்விடுகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எண்மூட்டை:
அட! அடிக்குறிப்பில் 16 சதவீதத் திடப்பொருள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு டன் கூழுக்கு 10 டன் என்றிருந்தது 1.6 டன் ஆகிவிட்டது, 130 இப்போது 20.8. அப்புறம் இன்னொன்று: அமெரிக்காவின் நான்கு பகுதிகளைக் கூட்டினால் தேசிய மொத்தம் வரவில்லை, குறைகிறது. தசமத்தை முழுமையாக்கியதால் என்று விட்டுவிடலாமா?

கணக்குப்புலி:
விட வேண்டாம். அமெரிக்க அரசின் ஆலை எரிசக்திக் கணக்கெடுப்பு அட்டவணையில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். 'க்யூ' என்றால் பிழை வீதம் 50 சதவீதத்துக்கு மேல், அதனால் வெளியிடவில்லை. 'டபிள்யூ' என்றால் தனி ஆலையின் விவரம் தெரிந்துவிடும் என்று மறைத்தது. நட்சத்திரம் 0.5க்கும் குறைவு. எழுத்தையெல்லாம் 0 ஆக்கினீர்களோ?

இன்னொன்று, அமெரிக்க எண்கள் மொத்தக் கலோரி மதிப்பில், ஐரோப்பிய எண்கள் நிகர மதிப்பில் வருபவை. நீராவியோடு போகும் வெப்பத்தை நிகரத்தில் கழித்துவிடுவார்கள். அப்படியே பக்கத்தில் வைத்தால் அமெரிக்கா கொஞ்சம் உயரமாகத்தான் தெரியும்.

எண்மூட்டை:
எழுத்துகளை 0 ஆக்கியது நான்தான். இரண்டு பகுதிகள் மறைந்திருக்கின்றன. மக்கள்தொகை விகிதத்தில் பிரித்துப் போடட்டுமா?

ஆலைத்தும்பி:
ஐயோ, வேண்டாம். ஆலை காட்டைத் தேடிப் போகும், ஊரைத் தேடி அல்ல. தெற்குப் பகுதி முதலிடத்தில் இருப்பதே பைன் காடும் அதை ஒட்டிய கிராஃப்ட் (ரசாயனக் கூழ்) ஆலைகளும் அங்கே குவிந்திருப்பதால்தான். தேசிய மொத்தத்தில் தெரிந்த இரண்டையும் கழித்து, மிச்சத்தை வரைபடத்தில் ஒரே பட்டையாகப் போடுங்கள்.

எண்மூட்டை:
போட்டுவிட்டேன், கூட்டலும் பொருந்துகிறது. நிகர மதிப்புக்கு மாற்றுவதுதான் பாக்கி, அதை இன்று ராத்திரி பார்க்கிறேன்.