மறுமொழி: தொடர் முடிவில் வரும் நிறுவனச் சின்னத்துக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

நண்பர்களே, திங்களன்று ஊடகவியல் பாடநூல் அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. தொலைக்காட்சித் தொடர் முடிந்து பெயர்ப்பட்டியலும் ஓடியபின், தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் இரண்டு மூன்று நொடி அசைந்து, ஏதோ ஓர் ஒலியோடு மறையுமே, அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் வானிட்டி கார்டு என்ற பெயரை மொழிபெயர்ப்பாளர் "தற்பெருமை அட்டை" ஆக்கியிருந்தார், அடித்துவிட்டேன். "இறுதி அசைசின்னம்" சரியா?

> இறுதி அசைசின்னம்

சின்னம் வடசொல். அசை என்றால் மாணவனுக்கு நேரும் நிரையும்தான் நினைவுக்கு வரும். "கடைப்பொறி" என்று வையுங்கள். கடை என்றால் ஈறு: கடைக்குறை, கடைச்சங்கம். பொறி நம் சொல். இமயத்தில் வில்லைப் பொறித்தவன் சேரன். தீப்பொறி, ஐம்பொறி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

> கடைப்பொறி

ஐயா, எலிப்பொறியை விட்டுவிட்டீர்களே! 1969இல் தொடங்கிய எம்.டி.எம். என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னமே பூனைக்குட்டிதான். எம்.ஜி.எம். படநிறுவனத்தின் சிங்கம் கர்ஜிக்கிற பாணியில் இது வாயைத் திறந்து மியாவ் என்னும். ஹில் ஸ்ட்ரீட் புளூஸ் காவல்துறைத் தொடர் என்பதால் அங்கே போலீஸ் தொப்பி போட்டு வரும். மருத்துவமனைத் தொடரான செயின்ட் எல்ஸ்வேர் 1988இல் முடிந்தபோது, அந்தப் பூனை உயிர்காக்கும் கருவிகளோடு படுத்திருந்தது. பெயர்கள் ஓடி முடிகையில் இதயத்துடிப்புக் கோடு நேராகிவிட்டது.

இன்னொன்று, எல்லாச் சின்னமும் அசைவதில்லை. அமெரிக்கத் தொடர்த் தயாரிப்பாளர் ஸ்டீபன் கேனல் தம் சின்னத்தில் தட்டச்சுப் பொறியிலிருந்து தாளை உருவி வீசுவார், அது பறந்து போய் சி எழுத்தாகும், சரி, அசைகிறது. உபு என்ற தயாரிப்பு நிறுவனத்துடையதோ வெறும் நாய்ப் படம், "உட்கார் உபு" என்றொரு குரல், ஒரு குரைப்பு. இன்னொரு தயாரிப்பாளர் சக் லோரி 1997 முதல் போடுவது ஒரு பக்கக் குறிப்பு. படத்தை நிறுத்தினால்தான் படிக்கவே முடியும். ஆக, இங்கே அசைவு முக்கியமில்லை, "இது என் கைவேலை" என்று ஒப்பமிடுவதுதான் முக்கியம். தீட்சிதர் தம் கிருதிகளில் ஒப்பமாக வைக்கும் "குருகுக" என்ற சொல்லை என்ன சொல்கிறோம்? முத்திரை. அதுவே போதும்.

> முத்திரை

மறுபடியும் வடசொல்லா? ஒப்பம்தான் வேண்டுமென்றால் திருக்கடைக்காப்பு இருக்கிறதே! சம்பந்தர் பதிகத்தை முடிக்கும்போது கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்கிறார். ஆக்கியோன் பெயர், ஈற்றில். "கடைக்காப்பு". இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

> கடைக்காப்பு

அழகுதான். ஆனால் காப்புச் செய்யுள் நூலின் தொடக்கத்தில் அல்லவா வருகிறது? அப்புறம், என் வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்தேன் ஐயா. ஒரு மாணவி, "கடைக்குக் காவலா?" என்று கேட்டாள்.

> கடைக்குக் காவலா?

சொல்லிக்கொடுத்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. பொறியியல் என்ற சொல்லையும் யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை.

—

அனைவருக்கும் நன்றி. இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, அச்சகத்தார் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். முத்திரைப் பக்கம்தான் ஆள் அதிகம் என்பதால் "நிறைவு முத்திரை" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

> நிறைவு முத்திரை

அனுப்பியாயிற்று, சரி. ஆனால் அந்தப் பூனை செத்துக் கிடக்கிறதே, அதில் என்ன நிறைவு? கலைச்சொல் பட்டியலில் என் மறுப்பையும் பதிந்துவையுங்கள். பொறியின் வேர் பற்றிய மடல் நாளை வரும்.