மொறிஸ் மைனர் 1098: பழைய எஞ்சினைத் திருத்துவதா, டற்சன் எஞ்சின் போடுவதா?

இணுவில் மைனர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1966 மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் தட்டில் 10எம்ஏ என்று தொடங்கும் இலக்கம் இருப்பதால் காரோடு வந்த 1098 சிசி எஞ்சின்தான் என்று நம்புகிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1995 இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டாரையும் பக்கத்து வீட்டு அம்மம்மாவையும் சாவகச்சேரிக்குக் கொண்டு சேர்த்ததும் இதுதான். அதனால் இதை விற்கும் எண்ணம் கிடையாது.

இப்போது உள்ள சிக்கல்கள்: இழுவை குறைந்துவிட்டது. ஐடிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டால் பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாக வரும், பிறகு குறைந்துவிடும். சூடானதும் ஐடிலில் ஒயில் லைட் மினுங்குகிறது. நகருக்குள் ஓடும்போது பரவாயில்லை. கிளிநொச்சிப் பக்கம் போனால் ஆனையிறவு தாண்டுவதற்குள் றேடியேற்றர் கொதித்துவிடும். கடைசியாக ஒயில் மாற்றிய இடத்தில் 5டபிள்யூ-30 ஊற்றியிருக்கிறார்கள்.

காட்டிய கராஜில், "மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின், உள்ளே எல்லாம் போயிருக்கும், ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போடுங்கோ" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா ஏ12 எழுதியது:

என்னுடைய மைனரில் டற்சன் 1200-இன் ஏ12 எஞ்சின் இருக்கிறது. 1171 சிசி, அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி), கிராங்குக்கு, அதாவது பிஸ்ரன்கள் சுழற்றும் அச்சுக்கு, ஐந்து மெயின் பெயரிங். மைனரின் கிராங்குக்கு மூன்றுதான். வவுனியாவில் இருந்து கொழும்புக்கு நிற்காமல் ஓடுவேன், கொதிப்பு என்ற பேச்சே இல்லை. எஞ்சின் மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பொக்ஸையும் டற்சனுடையதாகவே போட வேண்டும், புரொப்பெல்லர் சாப்ற்றின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். முன் பிறேக்கையும் பலப்படுத்தாமல் ஓடாதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் பதிய வேண்டும். வேலை இருக்கிறதுதான், ஆனால் அதன் பிறகு நிம்மதி.

சுன்னாகம் கராஜ் எழுதியது:

தம்பி, எஞ்சினில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40-இலும் வேலை பழகியவன். மண்ணெண்ணெய் காலம் முழுவதும் இங்கேதான் கராஜ் வைத்திருந்தேன். வவுனியாத் தம்பி சொன்ன ஏ12 நல்ல எஞ்சின், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுடைய எஞ்சின் முடிந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மண்ணெண்ணெய் என்ன செய்யும் என்று சொல்கிறேன். அது பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. ஆவியாகாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும், ஒயில் தண்ணீர்போல ஐதாகிவிடும். ஒக்ரேன் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைப்போம். சிலர் அழுத்தத்தைக் குறைக்க ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் கஸ்கற்றை இரண்டாகப் போட்டார்கள், அப்படி ஒன்றை நானே பின்னாளில் கழற்றியிருக்கிறேன். மைனரில் இன்லெற் மனிபோல்ட் எக்சோஸ்ற்றோடு ஒட்டி நிற்பதால் அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஓரளவு ஆவியானது. அடிக்கடி ஒயில் மாற்றியவர்களின் எஞ்சின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. மாற்றாதவர்களின் எஞ்சின்கள் அந்தக் காலத்திலேயே போய்விட்டன. உங்களுடையது அதற்குப் பிறகும் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. அதனால் உங்கள் அப்பா கவனமாகப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

யாழ்ப்பாணத்தில் மைனர் எஞ்சினைக் கொல்வது கிணற்றுத் தண்ணீர். இதை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்பவர்கள் குறைவு. நம்முடைய நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே புளொக்குக்குள்ளும் படிகிறது. றேடியேற்றரில் தண்ணீர் குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவோம், ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பு சேரும். அதோடு இரும்புத் துருவும் கலந்து புளொக்கின் பின்பக்கம், மூன்றாம் நாலாம் சிலிண்டரைச் சுற்றிச் சேறாக இறுகும். விசிறிக் காற்றும் அங்கே குறைவு. மைனரில் வெப்பமானியும் கிடையாது, கொதித்த பிறகுதான் தெரியவரும். ஆனையிறவில் நீங்கள் காண்பது இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு, புளொக்கின் வலப்பக்கம் பின்மூலையில் இருக்கும் வடிகால் குழாயைத் திறவுங்கள். தண்ணீர் பாய வேண்டும். சொட்டினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ உள்ளே அடைத்திருக்கிறது. குழாயையே கழற்றிவிட்டு, அந்தத் துளைக்குள் விறைப்பான கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.

அடுத்தது கொம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, திறொட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அளவுங்கள். நல்ல 1098-இல் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவில் காட்டும். மொத்த எண்ணைவிட நாலு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். நன்றாக ஏறினால் பிஸ்ரன் றிங்ஸ் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கஸ்கற்.

புகையைப் பற்றி: ஐடிலில் நின்று புறப்படும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வுத் தண்டு ஓடும் குழாயான வால்வு கைட், வால்வு ஒயில் சீல் வழியாக ஒயில் இறங்குகிறது. றிங்ஸ் போயிருந்தால் அழுத்தி ஓட்டும்போதெல்லாம் புகைக்கும்.

5டபிள்யூ-30 இந்த எஞ்சினுக்கு உரியது இல்லை. உடனே இறக்கிவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், நாலு லீற்றர் ரின் ஒன்று போதும். ஒயில் லைட்டை மட்டும் நம்பாமல் அளவி ஒன்று பூட்டிப் பாருங்கள். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 60 பவுண்டு, ஐடிலில் 15 காட்டினால் கிராங்கைத் தொடத் தேவையில்லை.

இணுவில் மைனர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். வடிகால் குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. கழற்றிக் குத்தியபோது கபில நிறச் சேறும் வெள்ளைச் செதிலும் கட்டியாக வந்தன, அதன் பிறகுதான் தண்ணீர் பாய்ந்தது. கொம்பிறஷன் முதலாவது 145, இரண்டாவது 140, மூன்றாவது 95, நாலாவது 95. ஒயில் விட்டும் மூன்றிலும் நாலிலும் பெரிதாக ஏறவில்லை. 20டபிள்யூ-50 போட்ட பிறகு சூட்டிலும் ஐடிலில் 18, ஓட்டத்தில் 55 காட்டுகிறது. லைட் மினுங்குவது நின்றுவிட்டது.

அப்படியானால் பிஸ்ரன் செற் வாங்கவா? இன்னொன்று: திருத்தும்போதே கொஞ்சம் வலுக் கூட்ட ஏதாவது செய்யலாமா?

சுன்னாகம் கராஜ் எழுதியது:

பிஸ்ரனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே அளவாகக் குறைந்து, ஒயில் விட்டும் ஏறாவிட்டால், பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஹெட் கஸ்கற் எரிந்திருக்கும். சேறு அடைத்ததும் அதே மூன்றிலும் நாலிலும்தான். சூடு அங்கே கூடியது, கஸ்கற் அங்கே போனது. ஓட்டத்தில் 55 பவுண்டு இந்த வயதுக்கு நல்ல அளவு, கிராங்கை விடுங்கள்.

ஹெட்டைக் கழற்றுங்கள். எஞ்சின் காருக்குள்ளேயே இருக்கட்டும். ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் லேத் பட்டறையில் தேவையான அளவு மட்டும் முகம் எடுக்கச் சொல்லுங்கள். வால்வு மூடும்போது உட்காரும் சீற்றுகளுக்கு நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடு ஏறிய ஏ-சீரிஸ் (மைனரின் எஞ்சின் வகை) ஹெட் அந்த இடத்தில்தான் வெடிக்கும். பட்டறையில் இருக்கும்போதே கைட்டுகளை மாற்றி, எக்சோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான சீற் வளையம் போட்டுவிடுங்கள். முன்பு பெற்றோலில் இருந்த ஈயம் சீற்றைக் காத்தது, இப்போது அது இல்லை. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கிறதே, அதைக் கட்டாயம் இப்போதே மாற்றுங்கள். ஹெட் இருக்கும்போது மாற்றப் போனால் ஒரு நாள் போய்விடும், விரலும் கிழியும். தேர்மோஸ்ராற்றை யாராவது கழற்றி எறிந்திருந்தால் 74 பாகை உள்ளதை வாங்கிப் பூட்டுங்கள். அது இல்லாவிட்டால் குளிர்மை கூடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் சிலிண்டர் தேய்வதுதான் நடக்கும்.

சேறு முழுவதும் போக, புளொக்கின் பக்கத்தில் உள்ள தகரத் தட்டு அடைப்புகளைத் தட்டி எடுத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கழுவிய பிறகு புதிய தட்டுகளை அடியுங்கள். எல்லாம் பூட்டியதும் சிற்றிக் அமிலத்தைச் சுடுதண்ணீரில் ஐதாகக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு இறக்கி, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசுங்கள். கடுமையான அமிலம் எதுவும் வேண்டாம், றேடியேற்றரைத் தின்றுவிடும். பிறகு கூலன்ற்றோடு கலக்க மாரி மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ மட்டும். நான் ஒவ்வொரு மாரிக்கும் தகரக் கூரையில் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு வருவதைக் கான்களில் பிடித்து வைக்கிறேன். வருகிறவர்களுக்கும் அதில்தான் கொடுக்கிறேன்.

வலு பற்றி. 1098-இன் கிராங் மெல்லியது, மெயின் பெயரிங்கில் சுழலும் பகுதியான மெயின் ஜேர்னல் ஒன்றேமுக்கால் அங்குலம்தான். பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ரோக் 83.72 மில்லிமீற்றர். பழைய 948-இன் ஸ்ரோக் 76.2. மெல்லிய கிராங்கில் ஸ்ரோக் கூடும்போது உயர்ந்த சுற்றில் அது வளைந்து அதிரும். அதனால் 5500 சுற்றைத் தாண்ட வைக்கும் எந்த மாற்றத்தையும் நான் இதில் செய்ய மாட்டேன். ரேசிங் கேம், இரட்டைக் கார்பரேற்றர் எல்லாம் இங்கே வீண். கீழ்ச் சுற்றில் இழுவை கூடினால் போதும். 12ஜி295 என்று வார்த்திருக்கும் ஹெட் கிடைத்தால் வாங்குங்கள், இன்லெற் வால்வு பெரியது. உங்களுடைய ஹெட்டில் வெடிப்பு இருந்தால் இதுதான் நல்ல சமயம். கிடைக்காவிட்டால், இருக்கும் ஹெட்டின் துளை வாய்களையும் மனிபோல்ட் வாய்களையும் கஸ்கற்றோடு பொருத்திப் பார்த்து, படி இல்லாமல் ராவிவிடுங்கள். நாலு சிலிண்டருக்கும் இன்லெற் துளை இரண்டுதான், அங்கே ஒரு படி இருந்தாலே இரண்டு சிலிண்டரின் காற்று தடைப்படும்.

இக்னிஷனையும் மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய்க்காகப் பின்னுக்குத் தள்ளியதை யாரும் திருப்பி வைக்காமலே பல கார்கள் ஓடுகின்றன. இழுவைக் குறைவில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கலாம். கார்பரேற்றரின் ஊசியும் மாறியிருக்கலாம், 1098-க்கு உரியது ஏஎன் ஊசி.

லண்டன் ட்ராவலர் எழுதியது:

நான் இங்கே 1969 மைனர் ட்ராவலர் வைத்திருக்கிறேன். பாகங்களுக்குக் கவலைப்படாதீர்கள். கஸ்கற் செற், கைட், சீற் வளையம், அந்தக் குட்டிக் குழாய் உட்பட எல்லாமே இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன, பாரமும் குறைவு. யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பலாம். அப்படியே டிஸ்றிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற்ஸுக்குப் பதில் எலெக்ற்றோனிக் இக்னிஷன் போடுங்கள், நான் போட்ட பிறகு டிஸ்றிபியூற்றரைத் திறக்கவே இல்லை.

சுன்னாகம் கராஜ் எழுதியது:

லண்டன் தம்பி சொன்னது நல்ல யோசனை. வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மைனரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு பூட்டியிருக்கும். யாராவது ஒல்ரனேற்றர் போட்டிருந்தால் அது மாறியிருக்கும். எந்த முனை எர்த் என்று பார்த்து, அதற்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள், மாறிப் பூட்டினால் சாவியைத் திருப்பியதும் எரிந்துவிடும். பொயின்ற்ஸோடே ஓடுவதென்றாலும் குறையில்லை, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கில் வையுங்கள்.

ஹெட் நட்டுகளை நடுவில் இருந்து வெளியே போகும் ஒழுங்கில், படிப்படியாக 40 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். டப்பெட் (வால்வு) இடைவெளி ஆயிரத்தில் 12 பங்கு. எட்டு வால்வு இருப்பதால் கணக்கு இலகு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு ஆறிய எஞ்சினில் நட்டுகளையும் டப்பெட்டையும் மறுபடி பாருங்கள். அடுத்தடுத்து பார்க்கும்போது எக்சோஸ்ற் டப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போனால் சீற் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

ஹெட்டைக் கழற்றியதும் கஸ்கற்றையும் ஹெட்டின் முகத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பட்டறைக்குக் கொடுக்க வேண்டாம்.