இன்ஃபிளேஷன் முடிந்தபின் பிறந்த ஈர்ப்பலைகளும் 2014-லேயே அடிபட்டுப் போயினவா?

கதிர்:
தென்துருவத்தில் தொலைநோக்கி வைத்திருந்த பைசெப்2 குழு 2014 மார்ச்சில் இன்ஃபிளேஷன் (அண்டம் பிறந்ததும் நடந்த அதிவேக விரிவு) எழுப்பிய ஈர்ப்பலைகளின், அதாவது காலவெளியின் அதிர்வலைகளின், தடயம் கிடைத்ததாக அறிவித்தது. பிறகு பிளாங்க் விண்கலத்தின் தரவோடு ஒப்பிட்டதும் பெரும்பகுதி பால்வீதித் தூசி என்றாகிவிட்டது. இன்ஃபிளேஷன் முடிந்த கையோடு தனியாகவும் ஈர்ப்பலைகள் எழுந்தன என்கிறார்களே, அதுவும் போச்சா? ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவியில் சிக்காதா?

விண்ணோக்கி:
போகவில்லை தம்பி, இரண்டும் வேறு வேறு. பைசெப் தேடுவது இன்ஃபிளேஷன் நடக்கும்போதே காலவெளியில் எழுந்த குவாண்டம் நடுக்கங்களை. நீங்கள் கேட்பது அதற்கு அடுத்த கட்டம், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

விரிவை நடத்திய புலம் அதன் ஆற்றல் பள்ளத்தின் அடியில் ஊசலாடத் தொடங்குகிறது. ஊஞ்சலில் நின்றபடி தாளம் தவறாமல் உட்கார்ந்து எழுந்தால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகுமே, அப்படி அந்த ஊசல் மற்ற புலங்களை உந்துகிறது. குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டும் வெடித்துப் பெருகுகின்றன. இயற்பியலாளர்கள் காஃப்மன், லிண்டே, ஸ்டாரோபின்ஸ்கி மூவரும் 1994-ல் இதை விளக்கினார்கள். ஆற்றல் கட்டிகட்டியாகத் திரண்டு மோதும்போது ஈர்ப்பலை கிளம்பும் என்று 1997-ல் க்லெப்னிகோவும் ட்கச்சேவும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

சிக்கல் அதிர்வெண்ணில்தான். அப்போது ஒளி எட்டக்கூடிய தூரமே அணுக்கருவைவிடப் பல மடங்கு சிறியது. அலை அதற்குள் பிறந்தாக வேண்டும். பிறகு அண்டம் எவ்வளவு நீட்டினாலும், உயர் ஆற்றல் மாதிரிகளில் இன்றைய அலைநீளம் ஏதோ சில மீட்டர்தான் வருகிறது. அதாவது சுமார் 10 கோடி ஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலி வரும் இடம். லைகோவின் எல்லை சில ஆயிரம் ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது.

மீனா:
2023-ல் பல்சார்களை (சீராகத் துடிக்கும் விண்மீன் எச்சங்களை) வைத்து ஈர்ப்பலை கண்டார்களே, அது இதுவா?

விண்ணோக்கி:
அது நானோஹெர்ட்ஸ் அலை, ஹெர்ட்ஸில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு, மறுகோடி. பெருங்கருந்துளை இணைகளே காரணம் என்பது முதல் ஊகம்.

கதிர்:
அப்போ சோதிக்கவே வழியில்லையா சார்?

விண்ணோக்கி:
ஒரு பிடி ஏற்கெனவே இருக்கிறது: ஹீலியம். ஈர்ப்பலைகளும் ஆற்றல்தானே? அவை அளவுக்கு மிஞ்சியிருந்தால் முதல் சில நிமிடங்களில் அண்டம் இன்னும் வேகமாக விரிந்திருக்கும், நியூட்ரான்கள் அதிகம் மிஞ்சியிருக்கும், அவற்றால் உருவான ஹீலியமும் கூடியிருக்கும். நாம் காண்பதோ நிறையில் கால் பங்கு. ஆகவே மொத்த ஆற்றலுக்கு உச்சவரம்பு கிடைத்துவிட்டது.

நேரடியாகப் பிடிக்க, வலுவான காந்தப்புலத்தில் ஈர்ப்பலை மின்காந்த அலையாக மாறும் என்ற கெர்ட்சென்ஷ்டைனின் 1962 கருத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆக்சியான் என்ற கற்பிதத் துகளைத் தேடும் உலோகக் குழிகளையே இதற்கும் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். தேவையான நுண்மைக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது, தம்பி.