‘நெட் பிரைஸ்’ தமிழில் என்ன? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

கணக்கன் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். கல்லூரிப் படிப்புக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது, உதவித்தொகை அதில் எவ்வளவைத் தாங்குகிறது என்று தமிழ்நாடு முழுக்க மாணவர்களிடம் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறோம். ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது என்பது தெரியும், வீட்டுக்கு என்ன செலவு என்பது தெரியாது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில் (2017-18) வீட்டுச் செலவைக் கேட்டார்கள். ஆனால் அதற்கப்புறம்தான் தமிழக அரசின் புதுமைப்பெண் (2022), தமிழ்ப்புதல்வன் (2024) உதவித்தொகைகள் எல்லாம் வந்தன.

கட்டணம், விடுதி, மெஸ், பஸ், புத்தகம் எல்லாம் சேர்ந்தது முழுச் செலவு. அதில் திருப்பித் தர வேண்டாத உதவியைக் கழித்தால் வருவது நெட் பிரைஸ். முன்னோட்டப் படிவத்தில் ‘நிகர விலை’ என்று போட்டிருந்தோம். ஒரு மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “விலைன்னா, சீட்டுக்குக் கொடுத்த காசா சார்?” என்று கேட்டாள். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

அன்புள்ள கணக்கன், அந்தப் பெண் கேட்டது சரியே. விலை என்பது வில் என்னும் அடியில் பிறந்தது. கல்வி விற்கிற பொருளா என்ன? ‘நிகர’வும் தவறு. நிகர் என்றால் ஒப்பு. தாமரை நிகர, மதி நிகர என்பது போல வினையெச்சமாகத்தான் அது வரும். நிகரம் என்று பெயர்ச்சொல்லாகக் கொண்டால் அது வடமொழி, பொருள் குவியல், கூட்டம். கழித்தபின் மிஞ்சுவதற்குக் குவியல் என்றா பெயர் வைப்பது?

“உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும்” என்று புறநானூறு 183இல் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடவில்லையா? ஆசிரியருக்குக் கொடுக்கும் பொருளுக்கு ஓர் அரசனே பெயர் வைத்துவிட்டான். உறுபொருள் என்பதே என் பரிந்துரை.

மதுரைக்காரி எழுதியது:

ஐயா, குறள் 756இல் உறுபொருள் யாருடையது? “வேந்தன் பொருள்.” உடையவர் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த சொத்து என்கிறார் பரிமேலழகர். உசிலம்பட்டியில் ஓர் அப்பா ஆட்டை விற்றுக் கட்டிய பணத்துக்கு அந்தப் பெயரா? பதினெட்டு வயதுப் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நிரப்பப்போகிற படிவம் இது. உரையாசிரியரைத் துணைக்கு அனுப்ப முடியாது.

ஓலைச்சுவடி எழுதியது:

அம்மா, புறப்பாட்டில் ‘உறு’ உரிச்சொல். “உறு தவ நனி” தொல்காப்பியம். மிகுதி என்பது பொருள். குறளின் ‘உறு’ வேறு. மிகுந்த பொருள் என்பது இன்றைய கட்டணத்துக்கு இன்னும் பொருந்துமே!

வடமராட்சி எழுதியது:

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இதற்கு எப்போதோ சொல் இருக்கிறது. தேறிய இலாபம், தேறிய சம்பளம் என்று கணக்கீட்டுப் பாடத்திலேயே படித்தோம். எல்லாம் கழித்துத் தேறுவது. ‘தேறிய செலவு’ என்று போடுங்கோ. நீங்களும் “எவ்வளவு தேறும்?” என்று கேட்கிறனீங்கள்தானே?

கணக்கன் எழுதியது:

அண்ணா, சொல் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று மாணவர்களிடம் காட்டினேன். இரண்டு பேர் “தேறினவங்களுக்கு மட்டுமா சார்? எனக்கு ரெண்டு அரியர் இருக்கு” என்றார்கள்.

உண்மையில் சொல்லைவிடக் கழித்தல்தான் என்னைப் படுத்துகிறது. எஃப்.ஜி. சலுகை, அதாவது 2010இல் தொடங்கிய முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, நேரே கல்லூரிக்குப் போய்விடுகிறது. பையன் கண்ணில் படாததால் உதவி ‘இல்லை’ என்று எழுதுகிறான். புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் அவள் கணக்குக்கே வருகிறது, ஆனால் கேஸ் சிலிண்டருக்குப் போகிறது. அதை எழுதலாமா என்று கேட்கிறாள். இலவச பஸ் பாஸ் உதவியா, செலவே இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலே, வங்கிக் கல்விக்கடன் வாங்கிய பாதிப் பேர் அதை ‘உதவி’ கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கடனைக் கழித்துவிட்டால் நாலு லட்ச ரூபாய்ப் படிப்பு இலவசப் படிப்பு ஆகிவிடும்.

ஓலைச்சுவடி எழுதியது:

இதைத்தானே வள்ளுவர் 221இல் பிரித்து வைத்தார்! “வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.” குறியெதிர்ப்பை என்றால் அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது. புறம் 163இல் பெருஞ்சித்திரனார் பரிசிலோடு வீடு திரும்பி மனைவியிடம், கைமாற்று கொடுத்தவர்களுக்கும் கொடு என்கிறார்: “நெடுங்குறி எதிர்ப்பை நல்கியோர்க்கும்.” நெடுங்குறி! நீண்டகாலத் தவணை! இரண்டு கட்டம் போடுங்கள்: ஈகை, குறியெதிர்ப்பை.

மதுரைக்காரி எழுதியது:

ஐயா, இந்த ஒரு மடலுக்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன். ஆனால் கடனுக்குக் கடன் என்றே பேர் இருக்கட்டும். வட்டியோடு கட்டுவது குறியெதிர்ப்பையும் ஆகாது, அதே அளவு இல்லையே.

‘வீட்டுப் பங்கு’ என்று கேட்டால் என்ன? கடனும் வீட்டுத் தலையில்தான் விழுகிறது, அதனால் அதைக் கழிக்கத் தோன்றாது. சலுகைக்குத் தனியாக, “உங்கள் கட்டணத்தை அரசு நேரே கல்லூரிக்குக் கட்டியதா?” என்று ஒரு வரி.

வடமராட்சி எழுதியது:

சனி ஞாயிறு துணிக்கடையில் நின்று தானே கட்டுகிற பிள்ளைக்கு வீட்டுப் பங்கு சைபரோ?

கணக்கன் எழுதியது:

நியாயமான கேள்வி. ‘உங்கள் சம்பாத்தியமும் சேர்த்து’ என்று கீழே சிறிய எழுத்தில் போட்டுவிட்டேன். அழகாக இல்லை. படிவத்தில் ‘வீட்டுப் பங்கு’, அறிக்கையில் ‘நிகரச் செலவு’ (ச் உண்டு, யாரும் தொடங்க வேண்டாம்). ஆதரவு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் “ஏதோ ஒன்று போடுங்கள்” என்றவர்கள். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

வடமராட்சி எழுதியது:

என்னுடைய ஓட்டு இன்னும் ‘தேறிய’வுக்குத்தான். பதிவில் இருக்கட்டும்.

ஓலைச்சுவடி எழுதியது:

கோப்பைப் பார்த்தேன். ஏழாம் கேள்வியில் ‘மெஸ் கட்டணம்’ என்று இருக்கிறதே? சமையற்கூடத்துக்கு அட்டில் என்று நல்ல சொல் இருக்கும்போது