ஓடையோர முள்முருங்கைகள் காய்கின்றன, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல் பக்கம் இருக்கிறோம். தெருவுக்குப் பின்னால் ஓடையோரப் பொதுக்காட்டில் முள்முருங்கைகள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. பட்டையில் பேனா முனை அளவுக்குத் துளைகள். 2017-இல் நம் ஊர்த் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடித்தார்களே, அந்த 2 மி.மீ. துளைப்பான் வண்டு என்றே சந்தேகம். வண்டைவிட அது உள்ளே கொண்டுபோகும் பூஞ்சைதான் பொல்லாதது. மரத்துக்குள் ஓடும் நீரோட்டத்தை அடைத்து மரத்தையே சாகடித்துவிடும்.

கோயில் இளைஞர்கள் கைகொடுக்கத் தயார். ஆனால் நகராட்சி நிலம், நாமாகப் போய் வெட்ட முடியாது. உங்கள் பகுதியில் குழு அமைத்து நகராட்சியோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் உண்டா? அனுமதி கேட்டு யாருக்கு எழுதினீர்கள்? கிளைகளைப் பொடியாக நறுக்கும் சிப்பர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?

இன்னொன்று: பிராய் (வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவது) போட இந்த மரங்களின் விறகைத் தயவுசெய்து யாரும் எடுத்துப் போகாதீர்கள், வண்டும் கூடவே வரும்.