பெர்லினில் அக்டோபர் செமஸ்டருக்கு அறை: இப்போதே எதைத் தொடங்கலாம்?

குளிர்கால_சேர்க்கை:

வணக்கம். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலையில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபர் நடுவில் வகுப்பு ஆரம்பம். விசா நேர்காணல் முடிந்தது, பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது விசாவுக்காகப் பணம் போட்டு மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் கணக்கில், 11,904 யூரோ போட்டாயிற்று. தங்க இடம்தான் இன்னும் அமையவில்லை.

மாணவர் விடுதிக்கு எங்கே விண்ணப்பிப்பது? தனியார் அறை என்றால் மாதம் எவ்வளவு ஆகும்? விளம்பரங்களில் இரண்டு விதமாக வாடகை போடுகிறார்கள், எதைக் கணக்கில் எடுப்பது? இங்கிருந்தே பணம் கட்டி அறையை உறுதி செய்துகொள்ளலாமா, இல்லை போய் இறங்கி நேரில் பார்த்துத்தான் பிடிக்க வேண்டுமா? ஜெர்மன் ஏ2 என்ற அடிப்படை நிலை அளவுக்குத்தான் வரும்.

ஸ்பிரீக்கரை:

வாழ்த்துகள். முதல்ல ஒண்ணு: ரெண்டு வருஷத்துக்கான அறையை இப்பவே தேடாதீங்க. மூணு நாலு மாசம் தங்க ஒரு இடம், அதுல ஆன்மெல்டுங், அதாவது நகராட்சியில முகவரிப் பதிவு பண்ண அனுமதி. இந்த ரெண்டும் இருந்தா போதும். நிரந்தர அறையை உள்ளூர்ல இருந்துக்கிட்டே தேடலாம், நேர்ல போய்ப் பார்க்கிறவங்களுக்குத்தான் அது கிடைக்கும். பதிவு மட்டும் தள்ளிப்போச்சுன்னா வரி எண், சம்பளக் கணக்கு, குடியிருப்பு அனுமதி எல்லாமே பின்னால தள்ளிப்போகும். 80 யூரோ குறைவா இருக்குன்னு பதிவு இல்லாத அறையை எடுக்கிறது பெரிய நஷ்டம்.

விடுதிக்கு இன்னைக்கே விண்ணப்பம் போடுங்க. ஸ்டுடீரெண்டன்வெர்க் பெர்லின் அமைப்பு நகரம் முழுக்க விடுதி நடத்துது, ஒரே இணைய விண்ணப்பத்துல விரும்புற விடுதிகளைக் குறிக்கலாம். ஸீக்முண்ட்ஸ் ஹோஃப் விடுதியில இருந்து உங்க பல்கலைக்கு நடந்தே போயிடலாம், அதனாலயே அதுக்குப் போட்டி அதிகம். தூரமா இருக்கிற விடுதிகளையும் சேர்த்துக் குறிங்க. காத்திருப்பு ஒரு செமஸ்டரைத் தாண்டலாம், அதனால அதை மட்டும் நம்பி விமானம் ஏறக் கூடாது. அவங்க அனுப்புற மின்னஞ்சலுக்குக் கெடு நாளுக்குள்ள பதில் போடலைன்னா வாய்ப்பு அடுத்தவங்களுக்குப் போயிடும், ஸ்பாம் பெட்டியையும் வாரம் ஒரு முறை பாருங்க.

இன்னொண்ணு ஷ்லாக்டன்சே மாணவர் கிராமம். 1959-ல திறந்தது, இப்போ ஒரு கூட்டுறவு அமைப்பு நடத்துது. அதே அமைப்புக்கு ஆட்லர்ஸ்ஹோஃப்லயும் ஒரு வளாகம் இருக்கு. ஸ்டுடீரெண்டன்வெர்க்ல விண்ணப்பிச்சா இங்க போய்ச் சேராது, தனியா விண்ணப்பிக்கணும். நிறைய பேர் இதைக் கவனிக்கிறதில்லை.

தனியார் அறைன்னா வேகே, அதாவது நாலஞ்சு பேர் சமையலறையும் குளியலறையும் பகிர்ந்துக்கிற வீடு. பெரும்பாலான விளம்பரங்கள் வேகே-கெசுக்ட் தளத்துல வரும். அதுல ட்ஸ்விஷன்மீட்டேன்னு வடிகட்டிப் பாருங்க. பயிற்சிக்கோ வெளிநாட்டுச் செமஸ்டருக்கோ போறவங்க தங்களோட அறையைச் சாமானோட சில மாசத்துக்கு விடுறது அது. பார்க்காமலே ஆள் எடுக்கிறது இதுலதான் ஓரளவு சாத்தியம், வீடியோ பேச்சோட முடிஞ்சுடும். செப்டம்பரும் அக்டோபரும் மோசமான மாசங்கள். ஆகஸ்ட்டுக்கோ செப்டம்பர் முதல் வாரத்துக்கோ நுழைய முடிஞ்சா போட்டி குறையும்.

செய்தி எழுதுறப்போ ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பாதீங்க. விளம்பரத்துல என்ன சொல்லியிருக்காங்களோ அதுல இருந்து தொடங்குங்க: பூனை இருக்கா, சைவ வீடா, புகை பிடிப்பாங்களா. சில பேர் விளம்பரத்தோட நடுவுல 'உங்க செய்தியை அன்னாசிங்கிற சொல்லோட தொடங்குங்க' மாதிரி ஒரு வரி வெச்சிருப்பாங்க. முழுசா வாசிக்காதவங்களைக் கழிக்கத்தான் அது. முதல் நாலு வரி ஜெர்மன்ல, மிச்சம் ஆங்கிலத்துல எழுதினா ஏ2 போதும். நுழையுற தேதி, காலி பண்ணுற தேதி, படிப்பு, பிளாக்டு அக்கவுன்ட் இருக்குங்கிற விவரம், இந்த நாலும் கட்டாயம். விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள போற செய்திக்குத்தான் பலன்.

விளம்பரத்துல 'டூர்ஹ்காங்ஸ்ட்ஸிம்மர்'னு இருந்தா அந்த அறை வழியாத்தான் மத்தவங்க நடந்து போவாங்க. அதுல படிக்க முடியாது, விட்டுடுங்க. 'ஆன்மெல்டுங் நிஹ்ட் மொக்லிஹ்'னு இருந்தா பதிவு கிடையாது. அதையும் தாண்டிப் போங்க.

வாடகைக்கணக்கு:

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேர்ந்தது. நீங்கள் மாதாமாதம் கட்டப்போவது வார்ம்மீட்டேதான். மின்சாரமும் இணையமும் அதற்குள் வருகின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். வேகேயில் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

இன்றைய நிலவரத்தில் வேகே அறைக்கு மொத்தமாக 600 முதல் 700 யூரோ சாதாரணம். விடுதி அறை அதைவிட நிறையவே மலிவு. பிளாக்டு அக்கவுன்ட்டில் இருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு 140 யூரோவுக்கு மேல் போய்விடும். எனவே 650 யூரோ அறை என்றால் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் 200தான் மிச்சம்.

முதல் மாதம்தான் நெருக்கடி. ஜெர்மன் சட்டப்படி டெபாசிட்டின் உச்சவரம்பு மூன்று மாதக் கால்ட்மீட்டே. கால்ட்மீட்டே 450, வார்ம்மீட்டே 600 என்று வையுங்கள். டெபாசிட் 1,350 வரை போகலாம், முதல் வாடகையோடு சேர்த்தால் 1,950. டெபாசிட்டை மூன்று சம மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு, முதல் தவணை குடியிருப்பு தொடங்கும்போது. அப்படிக் கட்டினால் முதல் மாதச் செலவு 1,050 ஆகும். ஆனால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது தவணை கேட்பவரை வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பது கடினம். அதனால் பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு வெளியே குறைந்தது 2,000 யூரோ தனியாகக் கைவசம் இருக்கட்டும். அந்தக் கணக்கு இயங்கத் தொடங்கவே சில நாட்கள் ஆகும்.

ஒப்பந்தத்தில் இன்னொன்று பாருங்கள். கூடுதல் செலவுகளுக்குப் பக்கத்தில் 'பவுஷாலே' என்றிருந்தால் அது நிலையான தொகை, பின்னால் நிலுவை கேட்கக் கூடாது. 'ஃபோராவுஸ்ட்ஸாலுங்' என்றிருந்தால் முன்பணம் மாதிரி. வருடக் கணக்கு முடிந்ததும் வெப்பமூட்டல் அதிகமாகியிருந்தால் மீதியைக் கேட்பார்கள். குளிர்காலத்தில் குடியேறி வசந்தத்தில் காலி செய்பவர்களுக்கு பவுஷாலேதான் பாதுகாப்பு.

ஷூஃபா சான்று, அதாவது கடன் நம்பகச் சான்று, கேட்டால் பதற வேண்டாம். ஜெர்மனியில் உங்களுக்குக் கடன் வரலாறே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுன்ட் உறுதிச் சான்று, பெற்றோரின் பிணைக் கடிதம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருங்கள்.

குளிர்கால_சேர்க்கை:

மிக்க நன்றி. நேற்று ஒரு விளம்பரம் பார்த்தேன். ஷார்லட்டன்பூர்க்கில் 38 சதுர மீட்டர் தனி வீடு, சாமானோடு, எல்லாம் சேர்த்து 420 யூரோ. உரிமையாளர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையும் டெபாசிட்டும் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும், பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வரும் என்றும் எழுதியிருக்கிறார். தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பினார். நம்பலாமா?

சாவிமுதல்:

நம்பாதீங்க. இது அப்பட்டமான மோசடி. நீங்க சொன்ன ஒவ்வொரு விவரமும் அதுக்கான அடையாளம். அந்தப் பகுதியில அந்த அளவு வீடு அந்த விலைக்கு வராது. வெளிநாட்டு உரிமையாளர், கூரியர்ல சாவி, பணம் திரும்பும்னு உறுதி, எல்லாம் ஒரே அச்சுல வார்த்த கதை. அந்தப் பாஸ்போர்ட் நகல் அநேகமா முன்னாடி ஏமாந்த யாரோ ஒருத்தரோடது. உங்க நகலை அனுப்பினா அடுத்த ஆளை ஏமாத்த அது பயன்படும். அனுப்பாதீங்க.

சரிபார்க்க வழி இருக்கு. விளம்பரப் படங்களைப் படத் தேடல்ல போட்டுப் பாருங்க, வேற நாட்டு விடுமுறை வாடகைத் தளத்துல அதே சோபா இருக்கும். நேரடி வீடியோ கேளுங்க, பதிவு பண்ணின வீடியோ வேணாம். பேசிக்கிட்டே தெருவுக்கு வந்து கதவுப் பக்கத்துல இருக்கிற மணிப் பலகையைக் காட்டச் சொல்லுங்க. ஒப்பந்தத்துல இருக்கிற பெயர், மணிப் பலகைப் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூணும் ஒத்துப்போகணும். வங்கிக் கணக்கு வேற நாட்டோடதுன்னா நின்னு யோசிங்க. ஆள் வழியா ரொக்கம் அனுப்புற சேவை, கிரிப்டோ, 'பாதுகாப்பான முன்பதிவு'ன்னு வர்ற இணைப்பு, இதுல எதைக் கேட்டாலும் பேச்சை நிறுத்திடுங்க.

ட்ஸ்விஷன்மீட்டேயில கொடுக்கிறவர் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை, ஹவுப்ட்மீட்டர், அதாவது முதல் வாடகைதாரர். உள்வாடகைக்கு உரிமையாளரோட அனுமதி இருக்கான்னு எழுத்துல கேளுங்க. அனுமதி இல்லாம விட்டா அவரோட ஒப்பந்தமே ரத்தாகலாம், அப்போ வெளியே போறது நீங்களும்தான். பணம் கொடுக்கிற வரிசை எப்பவும் இதுதான்: வீடியோ, கையெழுத்தான ஒப்பந்தம், பிறகு பணம். முடிஞ்சா டெபாசிட்டைச் சாவி கையில வாங்குற அன்னைக்குக் கொடுங்க.

வெடிங்வாசி:

தம்பி, ஆன்மெல்டுங் பற்றி ஒருத்தரும் விரிவாச் சொல்லேல்லை, நான் சொல்லுறன். குடி புகுந்து இரண்டு கிழமைக்குள்ள பதியவேணும் எண்டு சட்டம். பாஸ்போர்ட், நிரப்பின படிவம், வீடு தந்தவர் கையெழுத்து வைச்ச வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் எண்ட குடிபுகுந்த உறுதிக் கடிதம், இந்த மூண்டும் கொண்டு போங்கோ. வாடகை ஒப்பந்தம் இதுக்குப் பதிலாகாது, அதை மட்டும் கொண்டு போய்த்தான் கனபேர் திரும்பி வருகினம். அந்தக் கடிதத்தை உரிமையாளர்தான் தரவேணும் எண்டில்லை, உங்களுக்கு அறை தந்த முதல் வாடகைதாரரும் தரலாம். அறை பேசும்போதே 'இந்தக் கடிதம் தருவீங்களோ' எண்டு கேட்டு, பதிலை எழுத்தில வைச்சிருங்கோ.

பெர்லினில எந்தப் பியூர்கர்ஆம்ட்டிலையும், அதாவது நகராட்சிச் சேவை அலுவலகத்திலையும், பதியலாம், உங்கட பகுதி அலுவலகம்தான் எண்டில்லை. நகரத்தின்ர சேவைத் தளத்தில எல்லா அலுவலகத்தையும் சேர்த்து முன்பதிவு நாள் தேடுங்கோ. காலமை அலுவலகம் திறக்கிற நேரத்தில ரத்தான இடங்கள் வரும். இரண்டு கிழமைக்குள்ள நாள் கிடைக்காட்டி, முன்பதிவு செய்த ஆதாரத்தை வைச்சிருந்தாக் காணும். ஆனா இருக்காத முகவரிய காசு குடுத்து வாங்கிப் பதியாதேங்கோ. அப்பிடி முகவரி விக்கிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கு, பதியுறவருக்கும் பிரச்சினைதான்.

அறைக்குள்ள போன அண்டைக்கே செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கு: தபால் பெட்டியிலையும் மணியிலையும் உங்கட பெயரை ஒட்டுங்கோ. இஞ்ச தபால்காரர் பெயரைப் பாத்துத்தான் போடுவார், அறை இலக்கம் எழுதிறேல்லை. பெயர் இல்லாட்டி வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் திரும்பிப் போயிடும். பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ, முதலெழுத்தை மட்டும் போடாதேங்கோ.

பதிஞ்ச பிறகு வானொலி தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். வேகேயில ஏற்கெனவே ஒருத்தர் கட்டினா அவரின்ர கட்டண இலக்கத்தைக் குடுத்துப் பதில் போடுங்கோ. பொதுவான நடைபாதையில கதவு திறக்கிற விடுதி அறை எண்டால் அது தனி வீட்டுக் கணக்கு. கடிதத்தைக் குப்பையில போட்டால் கடன் கூடிக்கொண்டுதான் போகும்.

குளிர்கால_சேர்க்கை:

அந்த ஆளுக்கு இனிப் பதில் போடவில்லை. கடைசியாக ஒன்று. நடுவில் விடுதியில் இடம் கிடைத்தால் வேகே அறையை எப்படி விடுவது? அதோடு, தூரமான பகுதி என்றால் எதுவரை போகலாம்?

வாடகைக்கணக்கு:

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தத்தை இடையில் சாதாரணமாக முறிக்க முடியாது. அதனால் கையெழுத்திடும் முன், ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாததற்குப் பொதுவாக மூன்று மாத முன்னறிவிப்பு, மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும் வீட்டில் சாமானோடு கொடுத்த அறை என்றால், 15ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாதக் கடைசியிலேயே விலகலாம். எதுவானாலும் காகிதத்தில் கையெழுத்திட்ட கடிதம்தான் செல்லும். வாட்ஸ்அப், மின்னஞ்சல் செல்லாது.

குடிபுகும் நாளில் சுவர்க் கறை, தரைக் கீறல், மின் மீட்டர் அளவு எல்லாவற்றையும் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். டெபாசிட்டில் பிடித்தம் செய்யும் பேச்சு வரும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்று பாருங்கள். உங்கள் வளாகம் ஏர்ன்ஸ்ட்-ராய்ட்டர்-பிளாட்ஸில், யூ-பான் என்ற சுரங்க ரயிலின் யூ2 பாதையில். வெடிங்கில் இருந்து யூ9 பிடித்து ஸூ நிலையத்தில் மாறினால் போதும், ஸ்பான்டாவில் இருந்து யூ7, பிஸ்மார்க்ஸ்ட்ராஸேயில் ஒரு மாற்றம். இரண்டும் நடக்கும் காரியம். இரவு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், வார நாட்களில் இரவு சுமார் ஒரு மணிக்கு மேல் யூ-பான் ஓடாது, இரவுப் பேருந்துதான். அறைக்குப் பக்கத்தில் அந்தப் பேருந்து நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.