மலபார் கடலில் தோற்றது தைத்த கப்பலா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்களுக்கு இரிங்கலில் உள்ள நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. போர்த்துக்கீசியருக்கு வெற்றி தந்தது வீரமல்ல, கப்பலின் கட்டுமானம். நம் மேற்குக் கரையில் மரக்கலத்தின் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். மணலில் தட்டினாலும் பிளவாமல் வளைந்துகொடுக்கும் அந்த உடல் வாணிகத்துக்கு அருமையானது. ஆனால் கனத்த பீரங்கி வெடித்துப் பின்னுக்கு உதைக்கும் விசையை, சட்டங்களோடு இரும்பாணியால் இறுக்கிய கப்பலைப் போல அது தாங்காது. 1502இல் வாஸ்கோ ட காமா கடலில் நின்றபடியே கோழிக்கோட்டைச் சுட முடிந்தது அதனால்தான்.

பாறசாலை ஆசிரியர்:
ஐயா, தையல்தான் காரணமென்றால் அன்றே போர் முடிந்திருக்க வேண்டும். மரக்கார்கள் 1600 வரை எதிர்த்து நின்றார்களே! 1503இல் போர்த்துக்கீசியரை விட்டு வந்த இத்தாலியர் இருவர் சாமூதிரிக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தார்கள். ஆகவே ஆயுத அறிவும் இங்கே எட்டியிருந்தது. காற்று விழுந்து பெரிய பாய்க்கப்பல் அசையாமல் நிற்கும் வேளையில் மரக்கார்களின் துடுப்புப் படகுகள் சூழ்ந்து தாக்கிவிட்டு, அக்கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற ஆற்று முகத்துவாரத்துக்குள் மறைந்துவிடும். மரக்கார்களின் கோட்டைக்கல் கோட்டை விழுந்தது, சாமூதிரியே போர்த்துக்கீசியரோடு சேர்ந்து அதை முற்றுகையிட்டதால். அவரிடம் சரணடைந்த நான்காம் குஞ்ஞாலி கோவாவில் கொல்லப்பட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
துரோகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1509இல் குஜராத் கரையிலுள்ள தியூவில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகள், குஜராத், கோழிக்கோடு ஆகியோரின் கலங்கள் ஒன்றுசேர்ந்தும் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்மெய்தாவிடம் தோற்றனவே?

பாறசாலை ஆசிரியர்:
அங்கே நின்ற மம்லூக் கப்பல்கள் மத்தியதரைக் கடல் முறையில் சூயஸில் கட்டப்பட்டவை. தைக்காத கப்பலும் தோற்றதென்றால் தையலை மட்டும் எப்படிக் குற்றவாளியாக்குவீர்கள்?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
தையல் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன், கட்டுமானம் பற்றியதை அல்ல; கப்பலின் உயரத்தைப் பாருங்கள். மம்லூக் கலங்களில் பல தாழ்ந்த துடுப்புக் கப்பல்கள். போர்த்துக்கீசியரின் பெரிய கப்பல்களோ உயர்ந்த பக்கங்களும் கனத்த பீரங்கிகளும் கொண்டவை. படகிலிருந்து அந்தப் பக்கத்தில் ஏறுவது கோட்டைச் சுவரில் ஏறுவதற்கு ஒப்பானது. மரக்கார்கள் முகத்துவாரங்களைத் தேர்ந்தெடுத்ததும் இதை நன்கு அறிந்திருந்ததால்தான் என்று நம்புகிறேன்.